நாலடி இடத்தில் பச்சைத் திரை: நெட்டிலிங்கமா, மூங்கிலா, அரிக்கா பாமா?

தெற்குப் பக்கத்து மனை பல வருஷம் காலியாகக் கிடந்தது. எருக்கும் தும்பையும் மண்டிக் கிடந்தவரை எங்கள் கொல்லைப்புறத்தைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை. அம்மா காலையில் துவைக்கிற கல்லருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து துணி அலசுவார். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு அதே இடத்தில் வெயிலில் முடி உலர்த்துவார். அப்புறம் அந்த மனையில் தரைத்தளமும் மேலே இரண்டு மாடியுமாக வீடு எழுந்தது. நல்ல மனிதர்கள்தான். ஆனால் அவர்கள் பால்கனியில் யார் வந்து நின்றாலும் எங்கள் கொல்லை முழுதும் கண்ணில் படும். அவர்கள் வேண்டுமென்று பார்ப்பதில்லை. இருந்தும் அம்மா கொல்லைக்குப் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டார். முடியைக் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் உலர்த்தத் தொடங்கினார். அதைப் பார்த்த பிறகுதான் நான் மரம் தேட ஆரம்பித்தேன்.

எங்களுடையது செங்கல்பட்டுப் பக்கத்தில் அரை கிரவுண்ட் மனை. முப்பதடி அகலம், நாற்பதடி நீளம். வீட்டுக்கும் தெற்கு மதிலுக்கும் நடுவே நாலடி, பின்னால் கொல்லை எட்டடி. இவ்வளவு இடத்தில் ஆலும் அரசும் பேச முடியாது. ஒல்லியாக, உயரமாக, வருஷம் முழுக்க இலை நிற்கிற மாதிரி ஏதாவது வேண்டும். இப்படிக் கேட்டால் நர்சரிக்காரரும் உறவுக்காரரும் ஐந்தாறு பெயர்கள் சொல்வார்கள். அவை ஒவ்வொன்றையும் வளர்ந்து நிற்கிற இடங்களில் போய்ப் பார்த்தேன். பார்த்ததையும், முடிவில் எதைத் தேர்ந்தேன், ஏன் தேர்ந்தேன் என்பதையும் சொல்கிறேன். இதே நிலையில் இருக்கிறவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர்.

முதலில் ஒரு விஷயம். எந்த மரம் என்று கேட்பதற்கு முன்னால், பார்வை எங்கிருந்து புறப்பட்டு எங்கே விழுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். நான் இதைச் செய்யாமலே மதில் நெடுகப் பத்து நெட்டிலிங்கம் வைத்துவிடலாம் என்று முடிவுகட்டியிருந்தேன். அளந்த பிறகு கணக்கு முற்றிலும் மாறிவிட்டது.

பக்கத்து வீட்டு அக்காவிடமே கேட்டு அவர்கள் பால்கனியில் போய் நின்றேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு உடனே புரிந்தது. எங்கள் வீட்டு ஜன்னல் எதிரில் இருப்பதால் தாங்களும் திரைச்சீலையைத் திறப்பதில்லை என்றார். அங்கிருந்து பார்த்ததில் துவைக்கிற கல்லும் துணி உலர்த்தும் கொடியும்தான் பளிச்சென்று தெரிந்தன. மதிலின் மற்றப் பகுதிக்குப் பின்னால் இருப்பது எங்கள் வீட்டுச் சுவரும் இரண்டு ஜன்னல்களும் மட்டுமே. ஆக, மறைக்க வேண்டியது நாற்பதடி மதில் அல்ல, கொல்லை இருக்கிற எட்டடி. ஜன்னல்களுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம்.

இனி உயரம். முதல் மாடியில் நிற்கிறவரின் கண் தரையிலிருந்து சுமார் 17 அடியில் இருக்கும். அம்மா நின்றால் தலை 5 அடி. பால்கனி மதிலுக்கு அப்பால் 4 அடி, கல் மதிலுக்கு இப்பால் 16 அடி, ஆகப் பார்வை கடக்கும் தூரம் 20 அடி. மதிலை ஒட்டி மரம் வைத்தால் அது ஏறத்தாழ பதினாலரை அடி வளர்ந்தால்தான் தலை மறையும். அதே செடியைக் கல்லுக்கு ஐந்தடி தள்ளி வைத்தால் 8 அடி போதும். இரண்டாம் மாடிக்கு, கண் 27 அடியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், மதிலோரத்தில் இருபத்திரண்டரை அடி வேண்டும். கல்லுக்குப் பக்கத்தில் பத்தரை அடி போதும்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பார்க்கிறவருக்குப் பக்கத்தில் வைக்கிற மரம் வானுயரம் வளர வேண்டியிருக்கிறது, மறைய வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் வைக்கிற செடி ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளர்ந்தாலே போதுமாயிருக்கிறது. இருபத்திரண்டு அடிக்கு ஏழெட்டு வருஷம் காத்திருக்க வேண்டும். பத்தடி மூன்று வருஷத்துக்குள் வந்துவிடும். எல்லாரும் பழக்கத்தில் மதிலோரமாகவே குழி தோண்டுகிறோம். குழியை நாலடி உள்ளே தள்ளினாலே பாதி வேலை முடிந்துவிடுகிற வீடுகள் பல. ஒரு நீளக் கழியின் முனையில் துண்டைக் கட்டி ஒருவர் நட்டுப் பிடிக்க, இன்னொருவர் பால்கனியிலிருந்து பார்த்துச் சொன்னால் கணக்குப் போடாமலே உயரம் தெரிந்துவிடும்.

சரி, மரங்களுக்கு வருவோம்.

நெட்டிலிங்கத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சைத் தொடங்க முடியாது. ஒல்லியான பசுமரம் என்றால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். பள்ளிக்கூட மதில், அரசு அலுவலக வாசல், கல்யாண மண்டப நடைபாதை என்று எங்கும் வரிசைகட்டி நிற்கும். கடையில் பலர் இதை அசோகா என்றே விற்கிறார்கள். உண்மையான அசோகம் வேறு மரம், செம்மஞ்சள் பூக்கொத்து பூப்பது, அகலமாகப் படர்வது. நெட்டிலிங்கம் சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்தது, தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதன் தாய்மண். நேராகப் போகும் அடிமரத்தைப் பாய்மரத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நெட்டிலிங்கத்திலேயே இரண்டு வகை உண்டு. ஒன்று கிளைகளைப் பக்கவாட்டில் விரித்து நிழல்மரமாகும். இன்னொன்று கிளைகளைத் தண்டோடு ஒட்டித் தொங்கவிடும். நமக்கு வேண்டியது தொங்குகிற வகை. கன்று வாங்கும்போது பக்கக் கிளைகள் கீழ்நோக்கிச் சரிந்திருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

இதன் நல்ல குணங்கள் பல. வளர்ந்த மரமும் நாலைந்து அடி அகலத்துக்கு மேல் போகாது. நல்ல வெயில் இருந்தால் தரைவரைக்கும் இலை மூடியிருக்கும். மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றி வேர் பிடித்துவிட்டால் கோடையையும் தாங்கும். மாசி பங்குனியில் புதுத்துளிர் செம்பு நிறத்தில் பளபளக்கும்போது மரமே வேறாகத் தெரியும். கறுப்பு இறக்கையில் பச்சைப் புள்ளிகள் கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சி இதன் இலையில் முட்டையிடும். இலையில் புழுவைப் பார்த்ததும் மருந்து அடிக்காதீர்கள். மரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது, சில வாரத்தில் உங்கள் வீட்டிலேயே அந்தப் பூச்சி பறக்கும்.

ஆனால் மூன்று இடங்களில் நெட்டிலிங்கம் காலை வாரும். முதலாவது நிழல். இரண்டு சுவர்களுக்கு நடுவே, நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம்கூட வெயில் விழாத நாலடிச் சந்தில் வைத்தால் கீழ் இலைகள் உதிர்ந்து அடிமரம் மொட்டையாகும். உச்சியில் மட்டும் குடுமி மாதிரி பச்சை நிற்கும். மறைய வேண்டியது கண் மட்டத்தில் இருக்க, மறைப்பு மாடிக்கு மேலே போய்விடும். இப்படி நிற்கிற வரிசைகளை எங்கள் பகுதியிலேயே நிறையப் பார்த்தேன். இரண்டாவது மின்கம்பி. தெருவோரம் கம்பிக்குக் கீழே வைத்தால் ஒருநாள் உச்சியை வெட்டியே ஆக வேண்டும். வெட்டிய இடத்தில் நாலைந்து நுனிகள் போட்டி போட்டுக்கொண்டு கிளம்பும், கோபுர வடிவம் துடைப்பமாகிவிடும், அது திரும்பாது. நாற்பது அடிக்கு மேல் போகக்கூடிய மரத்தைப் பதினைந்து அடியில் நிறுத்திவைக்கலாம் என்ற எண்ணத்தோடு வைக்காதீர்கள். மூன்றாவது பழம். பச்சையாகக் காய்த்துக் கறுநீலமாகப் பழுக்கும்போது வௌவால்கள் ராத்திரியில் வந்து தின்று, சாற்றையும் கொட்டையையும் சுவரெங்கும் காரெங்கும் துப்பும். எனக்கு வௌவால் வருவதில் சந்தோஷம்தான். வெள்ளைச் சுண்ணாம்படித்த பக்கத்து வீட்டுச் சுவருக்கு அருகில் வைக்கும்போது மட்டும் முன்கூட்டி யோசியுங்கள்.

இரைச்சலைத் தடுக்கும் என்று சொல்லி நெட்டிலிங்கத்தை விற்பார்கள். ஒற்றை வரிசை மரம் ஹாரன் சத்தத்தைக் குறைத்ததாக என் காது ஒப்புக்கொள்ளவில்லை. வாகனம் கண்ணுக்குத் தெரியாததால் மனசுக்குக் கொஞ்சம் தணிவாக இருக்கும், அவ்வளவே.

அடுத்து, கோனோகார்பஸ். இதை வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் எழுதுகிறேன். வேகமாக வளரும், கோடையிலும் கரும்பச்சையாக நிற்கும், எப்படி வெட்டினாலும் சுவர் மாதிரி அடர்ந்து தழைக்கும். இந்தத் தேவைக்கென்றே படைத்த மரம்போலத் தோன்றும். அதனால்தான் கொஞ்ச காலம் புதிய மனைப்பிரிவுகளிலும் சாலை நடுவிலும் இதையே நட்டார்கள். இதில் ஓர் இனம் அமெரிக்க, மேற்கு ஆப்பிரிக்க வெப்பக் கடற்கரைகளின் சதுப்பு ஓரங்களைச் சேர்ந்தது. இன்னொன்று சோமாலியா, ஏமன் பக்கத்து வறண்ட நிலத்தது. தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே வேரை அனுப்பும். என் சித்தப்பா வீட்டில் ஒரு நர்சரிக்காரர் வேலி மரம் என்று சொல்லிப் பன்னிரண்டு கன்று வைத்துக் கொடுத்தார். நாலாவது வருஷம் நிலத்தொட்டியின் சிமெண்ட் விரிசல் வழியே வேர் உள்ளே வந்து, தண்ணீருக்குள் நார் நாராக மிதந்தது. தொட்டியை இடித்துக் கட்ட ஆன செலவு கன்றுகளின் விலையைப்போலப் பல மடங்கு. மகரந்தத்தால் ஒவ்வாமை வரும் என்ற புகாரும் சேர, குஜராத் அரசு 2023 செப்டம்பரில் இதை நடுவதற்குத் தடை விதித்தது. பின்னர் 2025-இல் தமிழ்நாடு அரசும் தடை செய்தது. இன்னும் வேறு பெயரில் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் நிற்கிறது என்றால் தொட்டி, கழிவுநீர்க் குழாய் பக்கத்தில் இருப்பதை முதலில் எடுத்துவிடுங்கள்.

ஃபைகஸ் வகைகளுக்கும் இதே பதில். கத்தரித்த வேலியாகப் பூங்காவில் அழகாக இருக்கும். அத்தி, ஆல் குடும்பத்து வேர் நாலடி இடத்தில் அஸ்திவாரத்தை விட்டுவைக்காது.

மூங்கிலைப் பற்றி எனக்கு இருந்த பயங்கள் பெரும்பாலும் தவறானவை. வேர் ஓடி வீட்டைத் தூக்கிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி நிலத்துக்கடியில் ஓடுகிற மூங்கில்கள் குளிர்நாடுகளில்தான் அதிகம். நம் சமவெளியில் வளர்கிறவை ஏறக்குறைய எல்லாமே தூர் கட்டுகிறவை, ஒரே இடத்தில் கொத்தாக நிற்கும். வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே படரும், சுவரைப் பிளக்கிற தடித்த ஆணிவேர் கிடையாது. ஆனால் தூர் வருஷா வருஷம் சுற்றளவில் கொஞ்சம் பருக்கும். ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும் வெளியே தலைகாட்டுகிற முளைகளைக் காலால் உதைத்தாலே முறியும். அதைத் தவறாமல் செய்கிறவர்கள் வீட்டில் மூங்கில் சொன்னபடி கேட்கும். இரண்டு வருஷம் கவனிக்காமல் விட்டால் நாலடி இடம் ஆறடியாகும்.

எந்த மூங்கில் என்பதுதான் முக்கியம். காட்டு முள் மூங்கில் வீட்டுக்கு ஆகாது. மஞ்சள் கழியில் பச்சைக் கோடு போட்ட மூங்கில் அழகானது, ஆனால் கை மொத்தம் பருத்து முப்பது நாற்பது அடி போகும், விசாலமான மனைக்குத்தான் சரி. சின்ன வீட்டுக்கு வேலி மூங்கில் என்று கேளுங்கள். விரல் மொத்தக் கழி, சின்னச் சின்ன இலை, பத்திலிருந்து பதினைந்து அடி உயரம், அடிமுதல் இலை. மூங்கிலின் தனிச்சிறப்பு, ஒரு கழி முளைத்த சில வாரங்களிலேயே தன் முழு உயரத்தையும் எட்டிவிடும், அதற்கு மேல் உயராது, பருக்காது. முதல் வருஷம் வருகிற கழி இடுப்பளவுதான் இருக்கும். அடுத்த வருஷத்துக் கழி அதைத் தாண்டும், மூன்றாம் வருஷக் கழி கொடியேற்றின மாதிரி நிற்கும். அதனால் முதல் வருஷம் பார்த்துவிட்டு மனம் தளர வேண்டாம். வயதான கழிகளை, அதாவது மூன்று வருஷம் கடந்தவற்றை, அடியோடு அறுத்துக்கொண்டே வந்தால் தூர் திறந்து காற்று போகும். அறுத்தது அவரைப் பந்தலுக்கும் தக்காளிச் செடிக்கும் ஆகும்.

குறை சொல்வதானால் சருகு. தினமும் உதிரும், மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் வாயை அடைக்கும், மழைக்காலத்துக்கு முன்னால் அதைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். காற்றில் சாய்ந்து பக்கத்து வீட்டுக்குள் தலை நீட்டும், அதற்கு இடுப்பு உயரத்தில் ஒரு கயிற்றுக் கட்டு போதும். வெயில் காலத்தில் தண்ணீர் கேட்கும். பாம்பு வரும் என்று எங்கள் பெரியம்மா கடைசிவரை எதிர்த்தார். சருகு குவிந்து எலி தங்கினால் எந்தச் செடிக்கடியிலும் பாம்பு வரும் என்பதால் அடியைக் கூட்டி வைத்துக்கொள்வது என்று ஒத்துக்கொண்டு அவரைச் சம்மதிக்க வைத்தேன். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் குழி தோண்டுவதற்கு முன்னால் இந்தப் பேச்சை முடித்துக்கொள்வது நல்லது.

காற்றையும் பாருங்கள். சென்னையிலிருந்து எங்கள் பக்கம்வரை கோடையில் பிற்பகல் ஆனால் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். அதை நம்பித்தான் சாயங்காலம் ஜன்னலைத் திறக்கிறோம். அந்தப் பக்கம் நெட்டிலிங்கத்தை இரண்டடிக்கு ஒன்றாக நெருக்கி நட்டால் பார்வையோடு காற்றும் நின்றுவிடும். மூங்கில் அசைந்து வழி விடும். கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கம் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அங்கே மேற்குப் பக்கம் அடர்த்தியான மரம் இருந்தால் புழுதிக்கும் பிற்பகல் வெயிலுக்கும் நல்லதுதான். ஒரே மரம் ஓர் ஊரில் வரமாகவும் இன்னோர் ஊரில் தொல்லையாகவும் இருப்பது இதனால்தான்.

அரிக்கா பாம் என்று நர்சரியில் சொல்வது நம் பாக்கு மரம் அல்ல. மடகாஸ்கரிலிருந்து வந்த, மஞ்சள் தண்டு கொத்தாக முளைக்கிற பனை வகை. பாக்கு மரமான கமுகு ஒற்றைக் கம்பமாக மேலே போய்விடும், அதனால் பார்வை மறையாது. அரிக்கா பாம் அடியிலிருந்தே கொத்து கட்டி மயில்தோகை மாதிரி விரியும். இதன் பெரிய பலம் நிழலைத் தாங்குவது. நெட்டிலிங்கம் மொட்டையாகிற அதே நாலடிச் சந்தில் இது பச்சையாக நிற்கும். சொல்லப்போனால் முழு வெயிலில் வைத்தால்தான் இலை மஞ்சளாகி நுனி கருகும். நார்வேர் என்பதால் சுவருக்குப் பயமில்லை, தொட்டியிலும் வளரும். பத்துப் பன்னிரண்டு அடி உயரத்துக்குப் போகும்வரை அழகான திரை. அகலம்தான் கவனிக்க வேண்டியது, வெளித்தண்டுகளை அவ்வப்போது அறுக்காவிட்டால் நடைபாதையை அடைத்துவிடும். தண்ணீர் தவறக்கூடாது. இன்னொரு தொல்லை வெள்ளை ஈ. 2016-இல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் தெரியவந்த சுருள் வெள்ளை ஈ இப்போது எங்கும் பரவிவிட்டது. தென்னையோடு அழகுப் பனைகளையும் அது விடுவதில்லை. இலையின் அடியில் வெள்ளை வட்டங்கள், அதன் கீழே பிசுபிசுப்பு, அதில் கரும்பூஞ்சை என்று வரும். எங்கள் வீட்டில் குழாயை அழுத்திப் பிடித்து இலையின் அடிப்புறத்தை வாரம் ஒருமுறை கழுவுகிறோம். சின்னச் செடியில் அது போதுமானதாக இருக்கிறது. பக்கத்தில் தென்னை உள்ள வீடுகள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படங்களில் பார்க்கிற கூம்பு மரங்கள், துஜாவும் இத்தாலி சைப்ரஸும், மனசை இழுக்கும். சைப்ரஸ் மத்தியதரைக் கடல் பக்கத்து மரம். அங்கே குளிர்காலத்தில் மழை, கோடை வறட்சி, சரளை மண். நம் களிமண்ணில் வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் பத்து நாள் தேங்கினால் வேர் அழுகிப் பழுப்பாகும். துஜா சமவெளியில் பிழைக்கிறது, ஆனால் ஆமை வேகம். இரண்டுக்குமே வெளித்தோலில்தான் பச்சை. உள்ளே காய்ந்த குச்சிதான் இருக்கும். அதுவரை வெட்டிவிட்டால் திரும்பத் தழைக்காது, ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். ஊட்டி, கொடைக்கானலில் வீடு இருந்தால் பேச்சே வேறு, அங்கே சைப்ரஸ் வேலிகள் தலைமுறைகளாக நிற்கின்றன. சமவெளியில் வாசலுக்கு இரண்டு பக்கமும் தொட்டியில் ஒவ்வொன்று வைத்து ரசிக்கலாம், மறைப்புக்கு நம்ப வேண்டாம்.

சவுக்கு கடலோர மணலுக்கு ஏற்ற மரம். உப்புக்காற்றைத் தாங்கும், வேர் முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும், வருஷத்துக்கு ஆறு ஏழு அடிகூட வளரும். இரண்டு மூன்று ஏக்கர் தோப்பு வீட்டைச் சுற்றி அது நிற்கலாம். நாலடிச் சந்தில் அறுபதடி சவுக்கை வைத்துவிட்டு கார்த்திகை மாதம் தூங்க முடியாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் எங்கள் பக்கத்துத் தெருக்களில் மரங்களைச் சாய்த்துப் போட்டதைப் பார்த்தவன் நான். வேர் ஒரு பக்கம் அஸ்திவாரத்திலும் மறுபக்கம் மதிலிலும் முட்டி நிற்கிற உயரமான மரம் எதுவானாலும் எனக்குப் பயம்தான்.

கொங்கு நாட்டில் கொறங்காடுகளை, அதாவது மேய்ச்சல் நிலங்களை, சுற்றி நிற்கிற கிளுவை வேலியைப் பலர் நினைவூட்டினார்கள். ஆடு மாடு நுழையாமல் காக்க அதற்கு இணை இல்லை. ஆனால் கோடையில் இலை உதிர்த்துவிடும், நாம் கொல்லையில் அதிகம் இருக்கிற மாதங்களில் வேலி கண்ணாடியாகிவிடும். நொச்சி, மருதாணி இரண்டும் எட்டடிக்குள் போதும் என்றால் நல்லவை. கறிவேப்பிலையை யாரும் மறைப்புக்கு வைப்பதில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒல்லியான மரம், வேரிலிருந்து பக்கக் கன்றுகள் விட்டுப் புதராகும், ஒடிக்க ஒடிக்கத் தழைக்கும், பதினைந்து அடிவரை போகும். அடர்த்தி கொஞ்சம் குறைவு. கிணற்றடி, சமையலறை ஜன்னல் போன்ற இடங்களில் அரைகுறை மறைப்பே போதும் என்றால் இதைவிட நல்லது எது?

நாலடிகூட இல்லாத வீடுகளும் உண்டு. ஒன்றரை அடிச் சந்தில் மரம் எதுவும் வேண்டாம். கம்பிச் சட்டம் அடித்து ரங்கூன் மல்லியை ஏற்றுங்கள். மேல் மாடியில் இருக்கிறவர்கள் கர்ட்டன் கிரீப்பரைத் தொட்டியில் வைத்துக் கீழே தொங்க விடுங்கள், இழை இழையாக இறங்கி ஒரு மாடியையே மூடும். அகலம் ஓரடிதான்.

சட்டத்தையும் ஒருவர் கேட்டார், பக்கத்து வீட்டு ஜன்னலை மூடச் சொல்ல முடியாதா என்று. 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு வழக்காற்று உரிமைகளைச் சொல்கிறது. அடுத்த வீட்டின் அந்தரங்கம் கெடும்படி புது ஜன்னல் திறக்கக்கூடாது என்ற வழக்கம் உள்ள ஊரைத்தான் அதில் ஓர் எடுத்துக்காட்டாகவே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அப்படி ஒரு வழக்கம் தன் ஊரில் இருக்கிறது என்று காட்டினால்தான் அது செல்லும். புதிய மனைப்பிரிவில் எந்த வழக்கத்தைக் காட்டுவது? வழக்குக்குப் போகிற காலத்தில் மூங்கில் இரண்டு தடவை வளர்ந்துவிடும், பக்கத்து வீட்டு உறவும் மிஞ்சும்.

நடுகிறபோது சில விஷயங்கள். நிலத்தொட்டி, செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழாய் இவை எங்கே போகின்றன என்று வீட்டு வரைபடத்தில் பார்த்துவிட்டுக் குழி தோண்டுங்கள். மூங்கிலுக்கும் பாமுக்கும் மூன்று நாலடி விலகல் போதும், நெட்டிலிங்கத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். ஆளுயரக் கன்று வாங்க ஆசை வரும். பையிலேயே பல நாள் இருந்து வேர் சுருண்ட ஆறடிக் கன்றைவிட, இரண்டடிக் கன்று மண்ணில் சீக்கிரம் காலூன்றும். மூன்று வருஷத்தில் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும், விலை மட்டும் ஒன்றாக இருக்காது. ஆடி மழை தொடங்கியதும் நட்டால் புயல் மாதங்களுக்கு முன்னால் வேர் பிடித்துவிடும். களிமண் என்றால் குழியைச் சுற்றி மண்ணை அரையடி மேடாக்கி அதில் நடுங்கள். எங்கள் வீட்டில் முதல் தடவை பள்ளத்தில் நட்ட இரண்டு பாம் கன்றுகள் ஐப்பசித் தண்ணீரில் அழுகிப்போயின.

எதை எடுப்பது? கொல்லையோ முன்வாசலோ விசாலமாக இருந்து, முழு வெயில் விழுந்து, மேலே கம்பி இல்லாமல், இரண்டு மாடி உயரம் மறைய வேண்டும் என்றால் நெட்டிலிங்கம்தான். அதை வேறு எதனோடும் ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை, நம் மண்ணின் மரம், ஒருமுறை நின்றுவிட்டால் ஒரு தலைமுறைக்கு நிற்கும். சந்து இருட்டாக இருந்தால் அரிக்கா பாம். இடம் குறைவு, ஓரளவு வெயில் உண்டு, சீக்கிரம் மறைய வேண்டும், பராமரிக்க வீட்டில் ஆள் உண்டு என்றால் வேலி மூங்கில்.

எங்கள் வீட்டுக்கு மூங்கிலும் பாமும் சேர்ந்து வந்தன. துவைக்கிற கல்லுக்கு ஐந்தடி தெற்கே, கொல்லையின் எட்டடி அகலத்துக்கு, வேலி மூங்கில் மூன்று தூர். இருட்டுச் சந்தில் ஜன்னலுக்கு ஒன்றாக இரண்டு பாம். மூங்கில் வைத்து இது மூன்றாவது வருஷம். போன புரட்டாசியில் வந்த கழிகள் பதினொரு அடி போயின. துண்டு கட்டிய கழியை மறுபடி நட்டுப் பிடித்தேன், இந்த முறை பக்கத்து வீட்டு அக்கா இரண்டாம் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, கல் தெரியவில்லை, கொடியின் ஒரு முனை மட்டும் தெரிகிறது என்று குரல் கொடுத்தார். கொடியை இரண்டடி நகர்த்திக் கட்டினோம். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா ஸ்டூலை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.